சாவிக்காரர் வாங்கிய ஏழு நாள் கடன்

எங்கள் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் ஒரு ஆள் குனிந்து உட்காரலாம். அங்கே பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவர் சாவிக்காரர். பக்கத்தில் ஆறடிக்கு எட்டடியில் இருக்கும் ஜெராக்ஸ் கடை என்னுடையது. நான் வாடகை கொடுக்கிறேன். அவர் கொடுப்பதில்லை, கட்டடத்தில் எந்தப் பூட்டு மக்கர் பண்ணினாலும் பார்த்துக் கொடுப்பதுதான் வாடகை என்று உரிமையாளர் பேசி முடித்துவிட்டார். இதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை ரொம்ப நல்லவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மெலிந்த உடம்பு, தடித்த மூக்குக்கண்ணாடி. முன்னால் ஒரு சின்ன மேஜை, அதில் சாவி வெட்டும் மெஷின் ஒன்று, நாலு அரம், சாவியைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ். தலைக்கு மேலே கம்பியில் வெட்டாத சாவிகள் வரிசையாகத் தொங்கும். யாராவது வந்து, "கள்ளச்சாவி ஒண்ணு போடணும்" என்றால் கொடுத்த சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"நகல் சாவின்னு சொல்லுங்க. கள்ளச்சாவி போடுறவன் வேற எங்கயாவது இருப்பான், தேடிப் பாருங்க."

வந்தவர் முறைப்பார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சரிங்க, நகல்" என்பார். அப்புறம்தான் மெஷின் ஓடும்.

பூட்டிய வீட்டைத் திறக்கக் கூப்பிட்டாலும் இதே கெடுபிடிதான். வீடு அவர்களுடையது என்று ஒரு காகிதமோ பக்கத்து வீட்டுக்காரரோ சாட்சி சொல்லாமல் கம்பியை உள்ளே விட மாட்டார். ஒரு தடவை எங்கள் கட்டட உரிமையாளரே மேல்மாடி அறைச் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றார். "உங்க அறைதான்னு எனக்குத் தெரியும் சார். இருந்தாலும் வாட்ச்மேன் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார் இவர். உரிமையாளர் தன் சொந்தப் படியில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். வெட்டும்போது ஒரு சாவி பாழாகிவிட்டால் அதை வாடிக்கையாளர் கண் முன்னாலேயே வைஸில் வைத்து வளைத்துப் போடுவார். இவ்வளவு தேவையா என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"தம்பி, உங்க மெஷின் கெட்டா இன்னொண்ணு வாங்கிக்கலாம். என் பேரு கெட்டா எந்தக் கடையில போய் வாங்குறது?"

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பேருக்கு மதிப்பு இருந்தது. வெளியூர் கிளம்புகிறவர்கள் வீட்டுச் சாவியை அவரிடமே கொடுத்து, "வர்றதுக்குள்ள பூட்டை மாத்தி வச்சிடுங்க" என்று போய்விடுவார்கள். கண் டாக்டர் அம்மா ஒருவர் இவரைப் படுக்கையறை அலமாரிக்கு முன்னால் விட்டுவிட்டு, "முடிச்சதும் கதவைச் சாத்திட்டுப் போங்க" என்று கிளினிக் போய்விடுவார். என் தம்பியை நான் அப்படி விட மாட்டேன்.

அவரிடம் ஒரு குறை. மனிதர்களின் பெயர் மண்டையில் நிற்காது. கதவு நிற்கும். அதனால் போனில் எல்லாரையும் கதவு கணக்கில்தான் பதிந்து வைத்திருந்தார். "பச்சை கேட் மாடி" என்று ஒருவர். "ரெண்டு நாய்" என்று ஒருவர். "சாவி ஒடிஞ்ச டீச்சர்" என்று ஒருவர். சில பேருக்கு வேலைக் குறிப்பும் சேர்ந்திருக்கும், அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் ஞாபகமாகச் சரிசெய்து கொடுக்கலாம் என்று. டாக்டர் அம்மாவின் எண் "டாக்டரம்மா பின்கதவு தாழ்ப்பாள் லூஸ்" என்று இருந்தது. இப்படி ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேர். மனைவியின் எண் "வீடு".

ஒரு திங்கட்கிழமை காலையில் மெஷினின் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. புது மோட்டார் நாலாயிரம். அரத்தாலும் சாவி ராவலாம். ஆனால் நாலு நிமிட வேலை நாற்பது நிமிடமாகும், அதுவரை நின்று பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? அவர் மனைவி, எனக்கு அண்ணி முறை, ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கைத் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்க்கிறார். அவர் போட்டுவந்த சீட்டு கைக்கு வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. சாவிக்காரர் வங்கிக்குப் போனார். பதினான்கு நகல் கேட்டார்கள், என் கடையில்தான் எடுத்தார். கடைசியில் தொழில் நடக்கும் முகவரி கேட்டார்கள். மாடிப்படிக்கு அடியில் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

"போன்லயே கடன் குடுக்குறானாமே அண்ணே" என்று ஆரம்பித்து வைத்தவன் நான்தான். நாலு பக்கம் நகல் எடுப்பதற்குள் பத்துத் தடவை அந்த விளம்பரம் என் போனில் வந்துவிடும். மஞ்சள் முயல் ஒன்று பணக்கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஜாமீன் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், ஐந்து நிமிடம் போதும்.

அவர் போனில் முயலை இறக்கிக் கொடுத்தேன். அடையாள அட்டையைப் படம் எடுத்தோம், முகத்தைப் படம் எடுத்தோம். பிறகு முயல் அனுமதி கேட்க ஆரம்பித்தது. காண்டாக்ட்டைப் பார்க்கலாமா, போட்டோக்களைப் பார்க்கலாமா, மெசேஜைப் படிக்கலாமா, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பார்க்கலாமா.

"எதுக்குத் தம்பி இவ்வளவு கேக்குறான்?"

"எல்லா ஆப்பும் கேக்குறதுதான் அண்ணே. சரி சரின்னு அமுக்கிட்டே போங்க."

அமுக்கிக்கொண்டே போனார். சாட்சி இல்லாமல் ஒரு கதவையும் தொடாத மனுஷன், முகம் தெரியாத ஒருவனுக்கு எல்லாக் கதவையும் விரியத் திறந்துவிட்டார். எங்கே அமுக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று காட்டிக்கொண்டிருந்தேன் நான்.

கேட்டது ஆறாயிரம். வந்தது நாலாயிரத்து இருநூறு. மீதி ஆயிரத்து எண்ணூறு சேவைக் கட்டணமாம். என்ன சேவை என்று அவர் கேட்டார், எனக்குத் தெரியவில்லை. ஏழாம் நாள் ஆறாயிரத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும். மோட்டார் வந்தது, மெஷின் ஓடியது, அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

சாவி வெட்டுகிறவனுக்கு ஆறாயிரம் ஏழு நாளில் மொத்தமாகச் சேராது. அது முயலுக்கும் தெரியும். அதனால் இன்னொரு வழி வைத்திருந்தது: ஆயிரத்து ஐந்நூறு கட்டினால் இன்னும் ஏழு நாள் தவணை. ஆறாயிரம் அப்படியே இருக்கும். மூன்று வாரம் மூன்று தடவை கட்டினார். நாலாவது வாரம் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டு, என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அன்று மதியம் முயலின் ஆபீஸிலிருந்து ஒரு பெண் பேசியபோது அதையே படித்துக் காட்டினார்.

"எனக்குக் கைக்கு வந்தது நாலாயிரத்து இருநூறும்மா. நான் கட்டுனது நாலாயிரத்து ஐந்நூறு. முந்நூறு நீங்கதான் தரணும். பரவாயில்ல, அவசரமில்ல."

"மேல சொல்லிடுறேன் சார்" என்று அவள் வைத்துவிட்டாள். அந்தப் பெண் வேலையில் சேர்ந்ததிலிருந்து இப்படி ஒரு பதிலைக் கேட்டிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். மறுநாள் ஒரு ஆண் குரல் பேசியது. முதல் வார்த்தையே மரியாதை இல்லாமல் வந்தது.

"உன் காண்டாக்ட்ல ஆயிரத்து நூத்தி இருபத்தாறு பேரு இருக்காங்க, தெரியும்ல?"

"தெரியும். எல்லாரும் நல்லவங்க" என்றார் சாவிக்காரர்.

அவர் கிண்டல் பண்ணவில்லை. அந்த ஆள் எதற்காக எண்ணிக்கையைச் சொல்கிறான் என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் சொல்லவில்லை. ஏதோ மிரட்டுகிறான், அதோடு விட்டுவிடுவான் என்று நினைத்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு என் போனில் மெசேஜ் வந்தது. மேலே சாவிக்காரரின் படம். அன்று நான் எடுத்த படம்தான், வெளிச்சம் பத்தாமல் மூஞ்சி இருண்டு, பார்க்கவே திருட்டுமுழியாக இருந்தது. கீழே இப்படி இருந்தது:

"வணக்கம் ஜெராக்ஸ் தம்பி ஷட்டர் இடதுபக்கம் தூக்கினா வந்துடும் அவர்களே! இந்த நபர் ஒரு மோசடிப் பேர்வழி, திருடன். உங்கள் பெயரைச் சாட்சியாகக் காட்டிப் பணம் பெற்றுத் தலைமறைவாகிவிட்டார். எச்சரிக்கை!"

எட்டிப் பார்த்தேன். தலைமறைவானவர் இரண்டடி தூரத்தில் ஒரு சைக்கிள் பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

முயல் தன் பாட்டுக்கு ஆயிரத்து நூற்று இருபத்தாறு பேருக்கும் அனுப்பிவிட்டது. யாரை எப்படிப் பதிந்திருந்தாரோ அப்படியே கூப்பிட்டு வணக்கம் சொல்லி அனுப்பியிருந்தது. ரெண்டு நாய் அவர்களுக்கு வணக்கம் போயிருந்தது. சாவி ஒடிஞ்ச டீச்சர் அவர்களுக்குப் போயிருந்தது. டாக்டரம்மா பின்கதவு தாழ்ப்பாள் லூஸ் அவர்களுக்கும் போயிருந்தது. வெறுமனே திருடன் என்று மட்டும் வந்திருந்தால் ஜனங்கள் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். தங்கள் வீட்டில் எந்தத் தாழ்ப்பாள் லூஸ் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார் என்று தெரிந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சரிசெய்து கொடுப்பதற்காகத்தான் எழுதி வைத்தார் என்று ஆயிரத்து நூறு பேரிடம் யார் போய்ச் சொல்வது?

அண்ணிக்கும் வந்திருந்தது, "வணக்கம் வீடு அவர்களே" என்று. ஆஸ்பத்திரியில் ஈரக் கையோடு அந்த எண்ணைக் கூப்பிட்டு, "என்னத்தைத் திருடுனாரு? பொருளைச் சொல்லுங்க. இருபத்தாறு வருஷமா கூட இருக்கேன், என் பங்கு வரலையே" என்று கேட்டிருக்கிறார். போனை வைத்துவிட்டார்களாம்.

அன்று முழுக்க அவருடைய போன் அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. வழக்கமாக நிமிடத்துக்கு ஒரு தடவை கத்துகிற போன் அது. அவர் அதை எடுத்துப் பார்ப்பார், சத்தம் வைத்திருக்கிறோமா என்று பார்ப்பார், திரும்ப வைப்பார். ஒரு தடவை என்னையே கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன், அடித்தது. "சரி, போன்ல ஒண்ணும் கோளாறு இல்ல" என்றார். என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகக் கஷ்டமான வாக்கியங்களில் அது ஒன்று. நான் போய் மெஷினில் காகிதம் நிரப்பினேன், ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை போன் அடித்தது. டாக்டர் அம்மா.

"வீட்டுல எல்லாப் பூட்டையும் மாத்தணும். எப்ப வர்றீங்க?"

சாவிக்காரர் எழுந்து நின்றுவிட்டார், படியில் தலை இடித்தது. "அம்மா, உங்களுக்கு அந்த மெசேஜ்..."

"வந்துச்சு. அதனாலதான் மாத்தணும்."

"நான்தானே வந்து மாத்தணும்?"

"பின்ன? புதுசா யாரோ ஒருத்தனை எப்படி வீட்டுக்குள்ள விடுறது? பயமா இருக்காதா?"

அந்த அம்மா கண்ணுக்கு வைத்தியம் பார்க்கிறவர், படித்தவர். அவர் சொன்னதை நான் பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். அதில் எங்கே தப்பு என்று இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. ரெண்டு நாய் கூப்பிட்டார். பச்சை கேட் மாடி கூப்பிட்டார். திருடனுக்குப் பயந்து பூட்டை மாற்றுகிற எல்லாரும் அந்தத் திருடனையே கூப்பிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது, இருந்தாலும் இவர் கூலி குறைவு. ஒன்பது நாளில் முப்பத்தேழு வீடு. பூட்டு மொத்தக் கடைக்காரரே, "என்னய்யா, ஊருல எதுவும் கொள்ளையா?" என்று கேட்டாராம். "இல்லைங்க, நான்தான்" என்று சொல்லியிருக்கிறார். பதினோரு வருடத்தில் அவர் அப்படிச் சம்பாதித்ததே இல்லை.

சம்பாதித்த விதத்தைத்தான் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அவரை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனவர்கள் இப்போது நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்தார்கள். டீச்சர் போனில் வீடியோ எடுத்தார். ரெண்டு நாய்க்காரர் இரண்டையும் அவிழ்த்துவிட்டிருந்தார். வேலை முடிந்து மூன்று சாவியைக் கொடுத்தால், "நாலாவது எதுவும் இல்லையே?" என்று கேட்டார்கள். யார் வீட்டில் எப்போது ஆரம்பித்தார் என்று தெரியாது, ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் யாரும் கேட்காமலேயே இரண்டு சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்ட ஆரம்பித்தார். டாக்டர் அம்மா வீட்டில் பின்கதவுத் தாழ்ப்பாளையும் மாற்றினார், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. அந்த அம்மா கிளினிக்குக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனார்.

ஐந்தாம் நாள் ஆறாயிரத்தையும் அபராதத்தையும் கட்டிவிட்டார். அண்ணிதான் கட்டச் சொன்னார். "கணக்கு உங்க பக்கம்தான் சரி. ஆனா மெசேஜ் அனுப்புற மெஷின் அவன்கிட்ட இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கட்டின அடுத்த நிமிடம் முயல் துள்ளிக் குதித்து வாழ்த்துச் சொன்னது. அவர் ஒரு சிறந்த வாடிக்கையாளராம். இனி பன்னிரண்டாயிரம் வரை வாங்கிக்கொள்ளலாமாம். தான் திருடன் இல்லை என்று ஆயிரத்து நூற்று இருபத்தாறு பேருக்கு ஒரு மெசேஜ் அனுப்பும்படி கேட்டுப் பார்த்தார். அதற்கு அந்த ஆப்பில் பொத்தான் இல்லை.

இத்தோடு நிறுத்தினால் நான் ஏதோ நியாயவான் போலப் பேசிக்கொண்டு போய்விடலாம். என் கதை பாக்கி இருக்கிறது.

மெசேஜ் வந்த அன்று மாலை, அவர் கிளம்பிப் போனதும், நான் இரண்டு ஸ்டாப் தள்ளியிருக்கும் ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கினேன். ஷட்டரின் இடதுபக்கம் உண்மையிலேயே தூக்கினால் வந்துவிடும். அந்த விஷயம் இப்போது முயலுக்கும் தெரியும், முயலின் ஆபீஸில் யார் யார் இருக்கிறார்களோ. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே போய், அவரிடம் கிடைக்கிற பூட்டை வேறு கடையில் வாங்கினேன். கடன் வாங்க வைத்தது நான், படம் எடுத்தது நான், கணக்கைச் சரிபார்த்தது நான். அவர் எதையும் எடுக்கவில்லை என்று இந்த உலகத்திலேயே ஆதாரத்தோடு தெரிந்த ஒரே ஆள் நான். இருந்தும் அந்த இருண்ட படத்துக்குக் கீழே திருடன் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு உள்ளே ஏதோ ஒன்று அசைந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அசைந்தது.

அவர் மாலை ஐந்துக்குக் கிளம்பிவிடுவார், நான் எட்டுக்குப் பூட்டுவேன். காலையில் நான்தான் முதலில் வருவேன். ஆகவே பல நாள் அவர் கண்ணில் படாமல் ஓட்டினேன். ஒரு புதன்கிழமை பஸ் பழுதாகி நின்றுவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது அவர் மெஷினைத் துடைத்துவிட்டு, என் ஷட்டருக்கு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"இந்தப் பூட்டு எங்க வாங்குனீங்க தம்பி?"

சொன்னேன்.

"எவ்வளவு?"

அதையும் சொன்னேன்.

"ஏமாத்திட்டான். உள்ள ஒண்ணுமே இல்ல இதுல. திறந்து காட்டட்டுமா?"

தலையாட்டினேன். மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டார். நான் என் சாவியைப் பையிலிருந்து எடுத்து முடிப்பதற்குள் பூட்டு அவர் கையில் திறந்து கிடந்தது. பிறகு தன் பெட்டியிலிருந்து கனமான ஒரு பூட்டை எடுத்து வந்தார். ஷட்டரின் இடதுபக்கப் பட்டையைக் கழற்றி, தட்டி நேராக்கி, இரண்டு போல்ட் முடுக்கினார். தூக்கிப் பார்த்தார், அசையவில்லை. என்னையும் தூக்கிப் பார்க்கச் சொன்னார். மூன்று சாவியையும் என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தார். அப்புறம் இரண்டு சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டினார்.

"அண்ணே, என்கிட்ட எதுக்கு அண்ணே இதெல்லாம்?"

"எல்லாருக்கும் காட்டுறதுதான் தம்பி."

எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது எனக்கு.

"பூட்டு எண்ணூறு. வேலை இருநூறு."

கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாக எண்ணிப் பார்த்து, பையைச் சரியாக உள்ளே தள்ளி, அதில் வைத்துக்கொண்டார். பதினோரு வருடத்தில் அவர் என்னிடம் வாங்கிய முதல் காசு அது.